குசுமோத்தோ சானுக்கு ஒரு சத்தமில்லாத கூலர்

சத்தம் போடாத கூலர் வேண்டும் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்பதே யாராவது சொல்லித்தான் தெரியும். பெண்டாட்டி முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் சொல்லியிருப்பார். குசுமோத்தோ சான் அப்படி வந்தவர் இல்லை. ஜூன் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நனைந்த குடையை வாசல் வாளியில் செருகிவிட்டுப் படியேறி வந்தார். வந்ததும், "எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் எனக்கு ஆகாதுங்க," என்றார்.

ஓசாகாவில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த நிப்பொன்பாஷியில், எங்கள் கடை இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே தகோயாகி என்று ஆக்டோபஸ் உருண்டை சுடுகிறார்கள். அந்தப் புகையும் எங்கள் கடைக் காற்றும் படிக்கட்டில் தினமும் மோதிக்கொள்ளும். கடையில் மினேகோ என்கிற நானும் என் தம்பி யசுஓவும்தான். போர்டு, மெமரி, பெட்டி எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். சூடு என் இலாகா. ப்ராசஸர் தலையில் உட்காரும் கூலர்களை வருஷக்கணக்காக நான்தான் விற்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று யசுஓ சொல்வான். நீளம்தான். வாய் நீளமில்லாதவள் இந்தத் தெருவில் கடை வைத்தால் ஒரு சீசன்கூடத் தாங்கமாட்டாள்.

"அப்படின்னா கம்ப்யூட்டரை வித்துட்டு ஒரு மீன் தொட்டி வாங்கிக்குங்க," என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே நின்று யோசித்தார். "மீன் தொட்டியிலயும் மோட்டார் இருக்குமே," என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைக் கடைசிவரை மூடிவைத்து விளையாட எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐம்பது தாண்டி, ஒருமுறை கல்யாணம் செய்து அதை அறுத்துக்கொண்டும் வந்தவள், வாடிக்கையாளர் ஒருவர் வியாழக்கிழமை வருவாரா என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யசுஓ பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குசுமோத்தோ சான் மூடிகள் செய்கிறவர். ஷாம்பு பாட்டில், சோயா சாஸ் பாட்டில், கண் மருந்துப் புட்டி, இவற்றின் மூடிகளுக்கு அச்சு வரைவது அவர் தொழில். ஹிகாஷி ஓசாகாவில் ஒரு பட்டறையில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தார். முதலாளி கடையைக் கட்டியதும் வீட்டிலேயே உட்கார்ந்து மூன்று நாலு பட்டறைகளுக்கு வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூடி கிடக்கும். பேச வார்த்தை கிடைக்காதபோது அதை எடுத்துத் திறந்து மூடுவார். ஒவ்வொன்றும் மூடும்போது வேறு மாதிரி சத்தம் போடும். எது நல்ல மூடி என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம்.

கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி தன் ஊரான ஹிரோஷிமாவுக்கே திரும்பிப் போய்விட்டார். "ஏன் போனாங்க?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாததுதான், ஆனால் என் வாய் அப்படி.

"நான் பேசறதே இல்லைன்னு சொன்னாங்க," என்றார். கையில் இருந்த மூடியை ஒருமுறை திறந்து மூடினார். "நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

உருக்கிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படிப் பாயும், எங்கே தேங்கும், எந்த மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும் என்று அவருடைய கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். பட்டறைக்காரர்கள் மத்தியானம் ஒரு மாற்றம் சொல்வார்கள், காலையில் விடை கேட்பார்கள். ஆக, சாயங்காலம் முழுக்க ப்ராசஸர் அடுப்பு மாதிரி கொதிக்கும், கூலரும் தன்னால் முடிந்த மட்டும் கத்தும். இப்படிப்பட்ட மெஷினைப் பேசாமல் வேலை செய்யச் சொல்வது லேசான காரியமில்லை.

முதலில், தகடு தகடாக அடுக்கிய உயரமான கூலர் ஒன்றை இரண்டு ஃபேனோடு கொடுத்தேன். அடுத்த வியாழன் திரும்பி வந்தார். சத்தம் குறைந்திருக்கிறதாம், ஆனால் ஏறி இறங்குகிறதாம். "அது ஏறும்போது என் மூச்சும் கூடவே ஏறுது," என்றார். சூடு கூடும்போதெல்லாம் ஃபேன் பதறி ஓடுவதை நிறுத்தி, ஒரே வேகத்தில் ஓடும்படி எப்படி அமைப்பது என்று காட்டி அனுப்பினேன். அதுவும் போதவில்லை. பிறகு தண்ணீரில் குளிரவைக்கும் வகையைக் கொடுத்துப் பார்த்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"உள்ள யாரோ நூடுல்ஸ் உறிஞ்சற மாதிரி இருக்கு."

யசுஓ தலையை நிமிர்த்தாமலே, "எங்க அக்காவே உள்ள உக்காந்திருப்பா, நல்லாப் பாத்தீங்களா?" என்றான்.

"டேய், போர்டைப் பாருடா," என்றேன். குசுமோத்தோ சான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வரிசையில் நிற்பது எனக்கு மறந்துபோனது.

அன்றைக்குத்தான் கேட்டேன். "இவ்வளவு அமைதி எதுக்குங்க உங்களுக்கு? தூக்கம் வரலையா?"

அவர் வீட்டுக்குப் பக்கத்துக் குடித்தனத்தில் ஹமாகுச்சி சான் என்று ஒரு பெண்மணி இருக்கிறார், பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அரிசி களைந்து வைத்துவிட்டு, பாடுகிறார். சுவர் மெல்லிசு. மெஷினின் இரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரல் துண்டு துண்டாக வந்துபோகிறது. அதை முழுசாகக் கேட்கவேண்டுமாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூடியைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடியிருப்பார்.

எனக்கு உள்ளே என்னமோ சரிந்தது. ஆனால் கேள்வி கேட்டவள் நான்தானே.

"பாட்டு நல்லா இருக்குமா?" என்றேன்.

"பாட்டு மாதிரியே இல்லைங்க. ஒரே இடத்துலயே ரொம்ப நேரம் நிக்குது. அப்புறம் கொஞ்சம் மேல போகுது, திரும்ப அங்கயே வந்து நிக்குது. என்ன பாஷைன்னும் புரியல. ஆனா அது நின்னு போச்சுன்னா வீடே காலியாயிட்ட மாதிரி இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. டிசம்பரில் பெரிய மண்டபத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிப் பாடும் ஜெர்மன் பாட்டு. ஓசாகாவில் மீன் கடைக்காரர், பல் டாக்டர், டாக்ஸி ஓட்டுகிறவர் என்று எல்லாரும் கோடையிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். மெட்டு இருப்பது மேல்குரல்காரர்களுக்கு. ஹமாகுச்சி சான் பாடுவது கீழ்க்குரல். தனியாகக் கேட்டால் அதில் பாட்டே இருக்காது, மற்றவர்கள் பாட்டைத் தாங்கிப்பிடிப்பதுதான் அதன் வேலை. நான் விவாகரத்தான வருஷம் போய்ச் சேர்ந்து பாடியிருக்கிறேன். நானும் கீழ்க்குரல்தான்.

"ஆஃப் பண்ணிட்டுக் கேக்கவேண்டியதுதானே?" என்று யசுஓ கேட்டான்.

"ஆஃப் பண்ணினா காலையில பட்டறைக்கு என்னத்தைக் குடுக்கறது? ஒருநாள் நிறுத்தியும் பாத்தேன். அன்னைக்குன்னு பாத்து அவங்க பாடல." அதை அப்போது நாங்கள் மூன்று பேருமே காதில் வாங்கவில்லை.

கடையின் பின்பக்கம், முன்பு யாரோ குடியிருந்த காலத்தில் படுக்கை மடித்து வைத்த சுவர் அலமாரி ஒன்று இருக்கிறது. ஆள் உட்காரும் ஆழம் உண்டு. அதற்குள் பழைய மெத்தைகளைச் சுற்றிலும் நிறுத்தி, நடுவில் ஒரு சோதனை மெஷின் வைத்திருக்கிறேன். சத்தமில்லாதது என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள் என்பேன். இது என் கடை வழக்கம். தெருவில் வேறு யாரும் செய்வதில்லை, ஏனென்றால் மற்றவர்களுக்கு அலமாரி இல்லை.

குசுமோத்தோ சான் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு கூலராக மாற்றினேன். எதைக் கேட்டாலும், "இதுல அவங்க குரல் கேக்குமா, கேக்காதான்னு எப்படிங்க தெரியும்?" என்பார். நியாயமான கேள்விதான். ஃபேன் சத்தம் சின்னதாக இருந்து என்ன, அது குரலின் மேலேயே வந்து உட்கார்ந்தால் குரல் செத்தது.

"கதவைச் சாத்துங்க," என்றேன். "நான் வெளியில நின்னு பாடறேன். நான் சுவத்துக்கு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்."

யசுஓ என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் கதவுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறந்துபோன ஜெர்மன் வார்த்தைகளைத் தட்டித் தடவி, மெதுவாகப் பாடினேன். அலமாரியின் காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு குடித்தனம் நடத்தியவன்கூட என் குரலை அப்படிக் கேட்டதில்லை. ஒரு கூலருக்கு இரண்டு தடவை தேவைப்படாது, தெரியும். நான் மூன்று தடவை பாடினேன்.

கதவு விலகியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அதே பாட்டுதாங்க. குரல்தான் வேற."

"வேறயாத்தானே இருக்கும்," என்றேன்.

மூன்று வியாழக்கிழமை இப்படிப் போயிற்று. வேண்டுமென்றே இழுத்தேனா என்று கேட்டால், இல்லை. தொழிலில் நான் அப்படிச் செய்யமாட்டேன். ஆனால் சீக்கிரம் முடிந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அது வேறு விஷயம்.

கடைசியில் கிடைத்தது. இரண்டு கோபுரமாகத் தடித்த கூலர், ஒரே ஒரு பெரிய ஃபேன், சோம்பேறி மாதிரி சுற்றும். பெட்டிக்குள் அது நுழையுமா என்று அளவெடுத்து வரச்சொன்னேன். ஃபேனைத் திருகாணி போட்டு இறுக்காமல் ரப்பர் முளைகளில் தொங்கவிட்டேன். ப்ராசஸருக்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினேன். கணக்கு முடியக் கூடுதல் நேரமாகும், ஆனால் கொதிப்பு அடங்கிவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் தடித்த மெத்தைத் துண்டின் மேல் வைக்கச் சொன்னேன், தரைவழியாகவும் சத்தம் போகுமே. அலமாரிக்குள் அதை ஓடவிட்டு நான் வெளியே நின்று பாடினபோது, அவர் கதவைக் கொஞ்சம் விலக்கித் தலையை நீட்டினார்.

"மெஷின் ஓடுதாங்க?" என்றார்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் அதைக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போவதைப் பார்த்து யசுஓ சொன்னான், "அக்கா, கொஞ்சம் மட்டமான சரக்கா வித்திருக்கலாம் நீ." அவன் கேலியாகச் சொல்லவில்லை.

அடுத்த வியாழன் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கையில் அழகாகத் தாள் சுற்றிய பெட்டி. உள்ளே யோகான், கோடையில் குளிரவைத்துத் துண்டுபோட்டுத் தின்னும் சிவப்புப் பயறு இனிப்பு.

"ஹமாகுச்சி சான் கொண்டுவந்து குடுத்தாங்க. இவ்வளவு நாளாச் சத்தம் போட்டுத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு தலை குனிஞ்சாங்க. அதுக்கப்புறம் பாடவே இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நான்தான் தொந்தரவுன்னு நானும் குனிஞ்சேன்."

"அப்புறம்?"

"பதிலுக்கு நான் அரிசி அப்பளப் பெட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்."

பதில் மரியாதை வந்தால் அதற்கும் பதில் செய்யவேண்டுமே. மறுவாரம் அவர் எங்கள் கடைக்குக் கஸ்தேரா கேக்கோடு வந்தார், அதற்கடுத்த வாரம் பீச் பழத்தோடு. அவர் போய்க் குனிவார், ஹமாகுச்சி சான் வந்து குனிவார், கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. குசுமோத்தோ சானுக்கு ரத்தத்தில் சர்க்கரை, அதனால் எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெண்மணி கேட்ட மன்னிப்பையெல்லாம் தின்று தீர்த்தவள் நான்தான். நல்ல ருசி என்பதையும் சொல்லவேண்டும்.

பீச் பழத்தைத் தோலுரிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"குசுமோத்தோ சான், நீங்க மெஷினை நிறுத்தின அன்னைக்கும் அவங்க பாடலதானே?"

"ஆமா."

"உங்க மெஷின் போட்ட இரைச்சல் இருக்கே, அதுதான் அவங்களுக்குத் திரை. அதுக்குப் பின்னால யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சுப் பாடியிருக்காங்க. நீங்க திரையை எடுத்துட்டீங்க."

அவர் எனக்கு எடுத்துக் கொடுக்க வந்த பழத்தைக் கீழே வைத்தார். இந்த ஊர் மனிதர்களுக்கே உரிய கூத்து இது. கேட்கவேண்டும் என்று அவர் அடங்கினார், அவர் அடங்கியதைக் கண்டு அந்த அம்மாள் அடங்கினார். இப்போது இரண்டு வீட்டிலும் சத்தம் போடாமல் கரண்டி எடுக்கிறார்களாம். நானும் கைகொடுத்து இந்த அமைதியைக் கட்டியெழுப்பியிருக்கிறேன்.

"அப்ப பழைய ஃபேனே போட்டுடலாம்," என்றார். "இருக்கறதுலயே ரொம்பக் கத்தற ஃபேன் ஒண்ணு குடுங்க. துண்டு துண்டா வந்தாலும் போதும்."

அப்படிப்பட்ட ஃபேன் என் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது. கொடுத்தால் போதும். கத்தும் ஃபேன் நாளைக்கு அதிகமாகக் கத்தும், மறுபடி வருவார், மறுபடி அலமாரிக்குள் உட்காருவார், நான் மறுபடி வெளியே நின்று பாடுவேன். இப்படியே வருஷக்கணக்காக ஓடியிருக்கும். யசுஓ எழுந்து வந்து அந்த ஃபேனை எடுத்து மேஜைமேல் வைத்தேவிட்டான், படுபாவி. என்மேல் இருக்கும் பாசத்தில்தான் வைத்தான்.

நான் அதைத் திரும்ப ஒதுக்கி வைத்தேன்.

"ஃபேன் கிடையாது. போய் வாயைத் திறந்து சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க."

அவர் மூடியை எடுத்தார். நான் கையை நீட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டேன். "இது இல்லாம சொல்லுங்க. இங்கயே ஒருதடவை சொல்லிப் பாருங்க."

"யார்கிட்ட சொல்றதா நெனச்சுக்கிட்டுச் சொல்லணும்?"

"எதிர்ல யார் நிக்கறாங்களோ அவங்ககிட்ட."

குசுமோத்தோ சான் நிமிர்ந்து நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தார். "உங்க குரலைக் கேக்கணும்னுதான் இத்தனையும் செஞ்சேன். சாயங்காலம் ஆனா அதுக்காகத்தான் காத்துட்டு இருக்கேன். தயவுசெஞ்சு பாடுங்க." தடுமாறாமல் சொன்னார். மனைவிக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் ஹிரோஷிமாவுக்குப் போயிருக்கமாட்டார்.

வாழ்க்கையில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும், ஒருமுறை இன்னும் சொல்லுங்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பயிற்சி என்று நினைத்துக்கொண்டு.

"சரியா இருக்கு," என்றேன். "இதுல ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க. கையில பெட்டி எதுவும் கொண்டு போகாதீங்க."

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், கடை ஃபோன் அடித்தது.

"மினேகோ சான், பாடறாங்க," என்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "சொல்லிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே, கையில எதுவும் இல்லாம."

"என்ன சொன்னாங்க?"

"சுவரு இவ்வளவு மெல்லிசான்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் மறுபடி ஒருதடவை குனிஞ்சோம். கடைசியில, மெதுவாப் பாடட்டுமா, சத்தமாப் பாடட்டுமான்னு கேட்டாங்க." அவர் மூச்சு வாங்கினார். "முதல் எழுத்துலேருந்து கேக்குதுங்க, நடுவுல மூச்சு இழுக்கறதுகூட. மெஷின் பாட்டுக்கு ஓடுது, அது இருக்கறதே தெரியல. நீங்களும் கேக்கணும். இருங்க, ஃபோனைச் சுவத்துகிட்ட வைக்கிறேன்."

யசுஓவுக்குக் கையைக் காட்டினேன். அவன் ஒன்றும் கேட்காமல், கடையில் விளம்பரத்துக்காக ஓடிக்கொண்டிருந்த ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். கூரை ஏசியையும் அணைத்தான். வாடிக்கையாளர் ஒருவர் வாயைத் திறக்கப் போனார், அவரையும் சைகையால் அடக்கினான். நான் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, ரிசீவரைக் காது வலிக்க அழுத்திக்கொண்டேன்.

ஒன்றும் இல்லை. இந்தக் காலத்து ஃபோன் கிட்டத்தில் பேசுகிறவன் குரலை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது, சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரலையெல்லாம் குப்பை என்று தள்ளிவிடுகிறது. ஹமாகுச்சி சானின் ஒரு சுரம்கூட எனக்கு வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினின் முனகலும் வரவில்லை. எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும் என்பதால், அந்த நிசப்தத்தை ஒட்டியே மனசுக்குள் பாடிக்கொண்டு போனேன்.

"கேக்குதாங்க?"

"கேக்குது," என்றேன். "நல்லாவே கேக்குது."

"இனிமே இதுல எதையும் மாத்தவேண்டாம் இல்லீங்களா?"

"வேண்டாம்," என்றேன். "நல்ல கூலர் அது. பத்து வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வரவேண்டாம்."